ஸ்டார் போட்ட வரி

உட்காராமல் கீபோர்டில் தட்டுவது அவள் வழக்கம். மாணவனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, முன்னால் சரியும் பின்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'இம்போர்ட் ஜாவா டாட் யூடில் டாட் ஸ்டார்' என்று முதல் வரியில் ஒரே மூச்சில் அடித்துவிடுவாள். பிழை மறையும். அவன் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அடுத்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள்.

ஜாவா என்ற கணினி மொழியைப் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது அந்தப் படியில்தான். கீபோர்டில் தட்டுவதை ப்ரோக்ராம் வாங்கிக்கொள்ள, ஜாவாவோடு எழுதியே வரும் ஸ்கேனர் என்ற துண்டு வேண்டும். அது எந்தத் தொகுப்பிலிருந்து வருகிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும்; ஸ்டார் போட்டால் அந்தத் தொகுப்பில் இருப்பதெல்லாம் என்று பொருள். மறந்துவிடுவார்கள். அதனால் அந்தப் பயிற்சி மையத்தில் அவள் பெயரே 'இம்போர்ட் அக்கா'.

மையம் சித்தப்பாவுடையது. வேறு வேலை என்று அவள் வாயெடுத்தாலே, "நம்ம வீட்டுப் பொண்ணு எவன்கிட்டயோ போய் கைகட்டி நிக்கணுமா?" என்பார். அப்பா தலையாட்டுவார். மாணவர்களுக்கு அவள் பிழை திருத்திக் கொடுக்கும் லேப்பில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை, உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

வகுப்பெடுத்த ஆசிரியர் வேலையை விட்டபோது, அவளே போய்க் கேட்டாள்.

"சித்தப்பா, அந்த கிளாஸை நான் எடுக்கட்டுமா?"

சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நாளைக்கு ஒண்ணு எடுத்துக் காட்டு. நல்லா வந்தா உனக்கு. இல்லேன்னா லேப்தான். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

மறுநாள் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய திரையோடு இணைத்த கணினியில் அவள் ஸ்டார் வரியை அடித்தாள். கீழே ஸ்கேனர். ஓட்டினாள். பிழை. ஸ்கேனரைச் சுட்டிக்கொண்டு, திரை முழுக்க.

"அக்கா, இம்போர்ட் மறந்துட்டீங்களா?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

வரியை அழித்து மறுபடி அடித்தாள். அதே பிழை. எழுத்தெழுத்தாகப் படித்தாள், வரி சரி. அந்த வரியைத் தவிர வேறெங்கும் தேட அவள் கை பழகியிருக்கவில்லை. மறுபடி அழித்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சித்தப்பா எழுந்து வந்தார். "விடும்மா. உனக்கு லேப்தான் சரி." குரலில் கோபம் துளியும் இல்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

புதிய ஆசிரியர் வந்தார். அதே கணினியில் அவருக்கும் அதே பிழை. அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். அந்தக் கணினியில் யார் எழுதினாலும் ஒரே ஃபோல்டரில்தான் சேமிப்பார்கள்.

"யாரோ ஸ்கேனர்னே பேர் வச்சு ஒரு ப்ரோக்ராம் எழுதிப் போட்டிருக்காங்க மேடம். ஸ்டார் போட்டா, அதே பேர்ல ஃபோல்டர்ல பக்கத்துல கிடக்கறதைத்தான் ஜாவா எடுக்கும். ஸ்டாருக்குப் பதிலா ஸ்கேனர்னு அடிச்சிருந்தா ஓடியிருக்கும். எந்த வாலு பார்த்த வேலையோ!" என்று அதை அழித்துவிட்டுப் போனார்.

அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

வெகுநாள் கழித்து, சித்தி பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உன் கிளாஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்க சித்தப்பா பண்ண கூத்தைக் கேளேன். நீ நடத்தறது ஒண்ணும் புரியாம மரமாட்டம் உக்காந்திருக்கக் கூடாதுன்னு, புஸ்தகத்தைப் பார்த்து அந்தப் பெரிய திரை மிஷின்ல என்னமோ எழுதினாராம். அதுக்கு ஸ்கேனர்னு பேர் வேற. ஓடிடுச்சுன்னு வீட்டுக்கு வந்து ஒரே பெருமை!"