மலைச்சிங்கக் குட்டி கீறிய கை

இங்கே பென்டில் ஹில்லில் எங்களோடிருந்த மகள் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே சில பகுதிகளில் ஒருகாலத்தில் அழிந்துபோன கூகர் என்ற மலைச்சிங்கங்கள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை ஆராய்கிறாள். "கம்ப்யூட்டர் வேலைதான், அம்மா" என்பாள். நான் நம்பியதே இல்லை.

ஒருநாள் வீடியோ அழைப்பில் ஒரு கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாள்.

"அந்தக் கையைக் காட்டு."

"ஒண்டுமில்லை, அம்மா."

"காட்டு எண்டு சொன்னனான்."

முழங்கை வரை கீறல்கள். குட்டிக்கு, அது போகுமிடத்தை அறியும் கழுத்துப்பட்டி மாட்டும்போது கீறியதாம்.

"தாய் எங்க நிண்டது?"

"வேட்டைக்குப் போயிருந்தது."

"திரும்பி வந்திருந்தா?"

அவள் கையை மறுபடி மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"ஏன் என்னட்டப் பொய் சொன்னனீ?"

"உண்மையைச் சொன்னா விட்டிருப்பீங்களோ?"

விட்டிருக்க மாட்டேன். இனிப் போகுமுன் சொல்லும்படி கேட்டேன். நேற்று, "குட்டிகளிட்டப் போறன்" என்று செய்தி வந்தது. "ஓம், போட்டு வா" என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். அவள் திரும்பிவிட்டதாகச் சொல்லும்வரை ஃபோனைக் கீழே வைக்கவில்லை.