தலை எண்ண வந்தவர்

“...எண்ண வாரவன் முன்னால வருவான், இடிக்க வாரவன் பின்னால வருவான். சிரிக்காதட்டி, மொதல்ல செருப்பை உள்ள எடு” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் கிடந்த செருப்புகளையும் ஷூக்களையும் இரண்டு கைகளாலும் வாரிக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளைக்காரர் கதவு கதவாகத் தட்டி, கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவர் படியேறி எங்கள் மாடிக்கு வருவதற்குள் நடைபாதை துடைத்து விட்டதுபோல் ஆகிவிட்டது.

செருப்பைப் பார்த்தால் ஆளை எண்ணிவிடலாம், அதுதான் விஷயம். நியூ ஜெர்சியின் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த அபார்ட்மென்ட் வளாகம் அது. இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வளாகத்து மேனேஜர் அம்மாள் தந்த வாடகைப் பத்திரத்தில் இருந்தது. அக்காவின் வீட்டில் அக்கா, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி, கைக்குழந்தை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஹாலில், சென்னையிலிருந்து வந்து இறங்கிய பேச்சிலர்கள் மூன்று பேர், பிராஜெக்ட் கிடைக்கும்வரை என்று சொல்லி ஐந்து மாதமாகப் படுத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் பத்திரத்தின்படி வாழ்ந்தவர்கள் கீழ்த்தளத்து ஓரத்து வீட்டுக் கிழத் தம்பதி மட்டுமே.

தொண்ணூற்று நான்கில் நான் வந்தபோது சாலைக்கு அந்தப் பக்கம் சோளக்காடு. இரண்டே வருடத்தில் அங்கே டவுன்ஹவுஸ்கள் முளைத்தன. டயர் கடை மளிகைக் கடையாகி, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வந்தன. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஊரின் பழைய ஆட்களோ நாங்கள் மூட்டை மூட்டையாக அரிசி ஏற்றுவதை, படை ஏதோ இறங்குவதைப் போல நின்று பார்ப்பார்கள். நாங்களும் அவர்களைப் பார்ப்போம். சிரித்துக்கொள்வோம். ஆனால் இரண்டு பக்கமும் நம்பியதில்லை.

வந்தவர் அக்காவின் கதவைத் தட்டினார். நரைத்த மீசை, நல்ல மரியாதை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“டூ” என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை வீறிட்டது. அவர் புருவத்தைத் தூக்கினார். “ஃப்ரெண்ட்ஸ் பேபி” என்றார் அக்கா, கண் இமைக்காமல். எத்தனை பேர் வேலைக்குப் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. ஊர் பெரிதாகிறது, புதுத் திட்டம் போடுகிறோம், ரயிலடிக்கு பஸ் விடலாமா என்று பார்க்கிறோம் என்றும் பொறுமையாக விளக்கினார்.

“ஒன் பெர்சன். கார்” என்றார் அக்கா. என்னிடம் கேட்டபோது நானும் இரண்டு பேர், ஒரு கார் என்றேன். எங்கள் குளியலறைக்குள் மூன்று பேச்சிலர்களும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

அவர் படி இறங்கியதும் அக்கா உதட்டைப் பிதுக்கினார். “பஸ்ஸாம்லா, பஸ்! மேனேஜர்காரி அனுப்புன ஆளாத்தான் இருப்பான். ஆளை எண்ணி நம்மள வெளிய தள்ளிட்டு, கட்டடத்தையும் இடிச்சுட்டு, பணக்காரனுக்கு வீடு கட்டப் போறான். நான் பாக்காததா?”

அக்கா பார்த்தது உண்மை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை நகரத்துக்குப் போய், பல வருடம் கழித்து அமெரிக்கா வந்தவர். அங்கும் இப்படித்தான் அட்டையோடு ஒருவர் வந்து, எத்தனை பேர், எத்தனை அறை என்று எழுதிப் போனாராம். ஒன்றரை வருடத்தில் தெருவே இல்லை. ஊருக்கு வெளியே பதினோராம் மாடியில் வீடு கொடுத்தார்கள்.

“குறை சொல்லப்பிடாது. வீட்டுக்குள்ள குளியலறை, சூடா தண்ணி, லிஃப்ட். முன்னெல்லாம் கக்கூஸுக்குப் பனியில பின்வாசல் போவோம். ஆனா எங்க மாமனார் வச்சிருந்த கடை போச்சு. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி எங்க போனான்னே தெரியல. பஸ்ஸு மட்டும் வந்துச்சு, அதையும் சொல்லணும். பதினஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு. அதான் நான் கார் ஓட்டவே படிக்கல.”

அக்காவின் பேச்சை மளிகைக் கடைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைப்பது என் பழக்கம். ‘எண்ண வாரவன் முன்னால’ என்பதையும் அன்றே எழுதினேன். ஒரு வாரத்தில் அது வளாகம் முழுக்கப் பரவியிருந்தது. மற்ற கட்டடங்களிலும் அந்த மீசைக்காரருக்கு எங்கள் ஆட்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைத் தந்திருக்கிறார்கள்: டூ.

அக்காவுக்கு ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. கணவர் விடியுமுன்பே காரை எடுத்துக்கொண்டு பார்சிப்பனி ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார். அக்காவை ரயிலடியில் விடுவது கீழ்வீட்டுத் தெலுங்குப் பெண். இலையுதிர் காலத்தில் அந்தப் பெண்ணின் கணவருக்கு வேலை டல்லாஸுக்கு மாறியது. டிசம்பரில் கிளம்புகிறோம் ஆன்ட்டி என்று அவள் சொன்ன அன்று அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் நடந்தே பார்க்கிறேன் என்று கிளம்பினார். ஹைவே ஓரம் நடைபாதை கிடையாது. பாதி வழியில் போலீஸ் கார் நின்று, உங்கள் வண்டி எங்கே ரிப்பேராகி நிற்கிறது என்று கேட்டதாம். நடக்கிறேன் என்று சொன்னதை அந்தப் போலீஸ்காரர் கடைசிவரை நம்பவில்லை.

அந்த வாரம்தான் நூலகத்தில் டவுன் ஆபீஸ் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். புது பஸ் ஓடும் பாதை நீலக் கோடாக இருந்தது. ரயிலடியில் தொடங்கி, வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும் டவுன்ஹவுஸ்களுக்குள் எல்லாம் நுழைந்து, எங்கள் வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து திரும்பிப் போயிருந்தது. மேஜைக்குப் பின்னால் அதே மீசைக்காரர். ஏன் என்று கேட்டேன். கோப்பைப் புரட்டிக் காட்டினார். டூ, டூ, டூ, டூ. எல்லோருக்கும் கார். “உங்கள் வளாகத்தில் பஸ் தேவைப்படுகிறவர் யாருமே இல்லையே” என்றார். திருத்தம் இருந்தால் சனிக்கிழமை இங்கே கூட்டம், அன்றே கடைசி, எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

அக்காவிடம் வந்து சொன்னேன்.

“வேணும்னே செஞ்சிருக்கான்.”

“இல்லீங்கக்கா. நீங்கதானுங்க ரெண்டுன்னு சொன்னீங்க. நானும் சொன்னேன்.”

“குழந்தை அழுததைக் கேட்டாம்லா? கேட்டுட்டும் ரெண்டுன்னு எழுதினாம்னா என்ன அர்த்தம்?”

 

ஏழு என்று எழுதிக் கொடுத்தால் பஸ் வரலாம், வேலை நிலைக்கலாம். அதே தாள் மேனேஜர் கைக்குப் போனால் கொழுந்தனார் குடும்பம் கைக்குழந்தையோடு குளிரில் வீடு தேட வேண்டும். “வேண்டாம் மதினி, வேலை வேற கிடைக்கும்” என்றாராம் கொழுந்தனார். “இவனுக்குக் கிடைக்கும். எனக்கு யாரு தருவா?” என்று என்னிடம் வந்து கொட்டினார் அக்கா.

சனிக்கிழமை காலை நூலகக் கூடத்தில் முதல் வரிசையிலேயே எங்கள் மேனேஜர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு ரோஸ் நிறக் கோப்பு. அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். “சொன்னேம்லா? ரெண்டு பேரும் கூட்டு.”

கூட்டம் முடிந்து கலையும்போது அக்கா நேரே மீசைக்காரரிடம் போனார். இந்தத் தாளை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். டவுன் ஆபீஸ் என்றார் அவர். மேனேஜருக்குக் கொடுப்பீர்களா? நாங்களாகக் கொடுக்க மாட்டோம். ஆனால் இது பொதுக் கோப்பு, யார் வந்து கேட்டாலும் காட்டித்தான் ஆக வேண்டும் என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா, ஒளிக்காம சொல்லுதான். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“அழுத புள்ளைக்குத்தான் பாலுங்கக்கா” என்றேன்.

“அழுத பிள்ளையத்தாம்ட்டி பூச்சாண்டியும் தூக்கிட்டுப் போவான்.”

நான் ஒரு தாளை எடுத்து ஐந்து என்று எழுதிவிட்டேன். மேனேஜர் இருந்த பக்கம் பார்க்கவேயில்லை. அக்கா என் தாளைப் படித்தார். மீசைக்காரரைப் படித்தார். கதவருகே யாருடனோ பேசிக்கொண்டிருந்த மேனேஜரையும் படித்தார்.

பிறகு ஒரு வெற்றுத் தாளை மீசைக்காரர் முன் தள்ளி, முதலில் நீங்கள் உங்கள் பெயர், ஆபீஸ், போன் நம்பர் எழுதி, என்னிடமிருந்து இன்று தாள் வாங்கினேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அக்கா சிரிக்கவில்லை. அதை நான்காக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துப் பூட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டு எண்ணுக்கு நேரே ஏழு என்று எண்ணில் எழுதினார். பின்னால் யாரும் ஒரு ஒன்றைச் சேர்த்து எழுபத்தொன்று ஆக்கிவிடக் கூடாதே என்று, பேங்க் செக்கில் எழுதுவதைப் போலப் பக்கத்திலேயே ‘செவன் ஒன்லி’ என்று எழுத்திலும் எழுதி, மிச்ச இடம் முழுக்க ஒரு கோடு இழுத்தார்.