பக்கத்து ஸ்க்ரூ

படகு மோட்டாருக்குக் கியர் ஆயில் மாற்றும்போதெல்லாம் மெக்கானிக் அண்ணன் ஒரு கதை சொல்வார். வேலைக்குத்தான் கூலி, கதை இலவசம். கதாநாயகன் அவருடைய தங்கை வீட்டுக்காரர்.

"அடியில ரெண்டு ஸ்க்ரூ. ஒண்ணு எண்ணெய் இறங்க. பக்கத்துல ப்ளஸ் தலையோட இருக்கானே, அவன் உள்ளே கியர் மாத்துற கொக்கியைப் பிடிச்சிட்டிருக்கான். அவனைக் கழட்டினா கொக்கி விழுந்துடும், மோட்டாரையே பிரிச்சு மேயணும். நம்ம மாப்பிள்ளை, கல்யாணமான புதுசுல, மாமனார் மோட்டார்ல எதைக் கழட்டினார் தெரியுமா?"

கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் சிரிப்பார்கள். அப்படித்தான் மாப்பிள்ளைக்கு 'ப்ளஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. "பள்ளிக்கூடத்துல என் பொண்ணை ப்ளஸ் மகள்னு கூப்பிடறாங்கண்ணே" என்று தங்கை ஒருமுறை வந்து அழுதாள். "விளையாட்டுக்குச் சொன்னா இப்படியா?" என்று அதையும் சிரித்தே தள்ளிவிட்டார்.

அன்று ஸ்டாண்டில் நின்றது மாப்பிள்ளையின் மோட்டார். மறுநாளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ப்ளஸை நம்பிப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று ஒரு முணுமுணுப்பும் இருந்தது.

அண்ணனின் மூக்குக்கண்ணாடி சட்டைப் பையிலேயே கிடந்தது. போட்டால் வயதாகிவிட்டது என்பார்களே! விரலால் தடவியே ஸ்க்ரூவைத் தேடினார். பழைய பெயிண்ட் அப்பிக் கிடந்த தலை ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் கவ்விக்கொண்டது. வாய் கதையின் உச்சத்தில் இருந்தது. கை தன் பாட்டுக்குத் திருகியது.

எண்ணெய் வரவில்லை. உள்ளே 'டக்' என்றது. கியர் கம்பியை அசைத்தார். விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

"என்னண்ணே சத்தம்?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த வலைக்காரர். அவர் மகளும் நாளைக்கு அந்தப் படகில் ஏற வேண்டியவள்.

"யாரோ முன்னாடியே கை வச்சிருக்காங்கப்பா." நாக்கு முந்திக்கொண்டது.

"யாரோவா? மறுபடியும் ப்ளஸ்தான்!" கொட்டகையே சிரித்தது.

எண்ணெய்த் தட்டைப் பிடித்தபடி குந்தியிருந்த மாப்பிள்ளையின் கண்ணெதிரில்தான் அது கழன்றது. அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துச் சொன்னார்: "இருக்கும்பா. எப்பவோ தொட்டிருப்பேன்."

வலைக்காரரின் சிரிப்பு நின்றது. "அப்ப பிள்ளைங்களுக்கு வேற படகு பாக்க வேண்டியதுதான்."

அண்ணனுக்குக் காது மடல் சுட்டது. "இல்லப்பா. கழட்டினது நான். இப்பத்தான், கண்ணாடி போடாம."

"பாத்தீங்களா, மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கிறாரான்னு! மனுஷன்னா இவரு!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அட, நிஜமா நான்தான்யா!"

"சரிண்ணே, நம்பிட்டோம்" என்று வலைக்காரர் கண்ணடித்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"விடுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. "இத்தனை வருஷமா நீங்க சொன்ன கதைதானே. இனிமே யாரு மாத்திக் கேப்பாங்க?"

அண்ணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கையிலிருந்த ஸ்க்ரூவின் தலை அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அழுக்குப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு ஒரு கீறல், பளபளவென்று. வழக்கமாக வேலை முடிந்ததும் இப்படிப்பட்ட கீறல்களை அவரே ஒரு துளி பெயிண்ட் வைத்து மறைத்துவிடுவார்.

ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்து வலைக்காரரிடம் நீட்டினார். "நல்லாப் பாரு. எப்பவோ கழட்டினதா இருந்தா கீறல் இப்படி மின்னுமா? இதோ, பெயிண்ட் துகள் என் ஸ்க்ரூடிரைவர் முனையில."

வலைக்காரர் குனிந்து பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். அண்ணன் பக்கம் திரும்பாமல் மாப்பிள்ளையிடம், "மோட்டார் எப்ப ரெடியானாலும் சொல்லுங்கண்ணே. என் பொண்ணு உங்க படகுலதான் வருவா" என்றார்.

அண்ணே. அந்தக் கொட்டகையில் மாப்பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது மெக்கானிக்குக்கு. தலையைத் தூக்காமல் மோட்டாரைப் பிரிக்க உட்கார்ந்தார். மாப்பிள்ளை கேட்காமலே ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.