நூரி நிற்காத ஞாயிறு

மும்பை சீத்தா கேம்ப்பில் ஷேக் பரீத்தைத் தெரியாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவருடைய வெள்ளைக் குதிரை நூரியைத் தெரியாதவர்கள் இல்லை. செம்பூர், கோவண்டி பக்கம் கல்யாண ஊர்வலம் என்றால் மாப்பிள்ளை ஏறி வருவது பெரும்பாலும் அவள் மேல்தான். பேண்டு வாத்தியம் முழங்கியதும் நடப்பதை நிறுத்தி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஆடுவாள். கூட்டம் விசிலடிக்கும். கடிவாளத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து வரும் பரீத்தை மட்டும் எந்த போட்டோக்காரரும் படம் எடுத்ததில்லை.

இதில் அவருக்கு ஒரே ஒரு குறை. யார் யார் வீட்டு மாப்பிள்ளைகளோ ஜம்மென்று ஏறி உட்காரும் முதுகில், சொந்தக்காரரான அவருக்கு ஏற வழியில்லை. பிழைப்புக்காக நடக்கிறவர் நடந்துதானே ஆகவேண்டும். அவர் நூரி மேல் ஏறுவது கழிமுகத்தை ஒட்டிய பந்தய மைதானத்தில் மட்டும்தான். அதனாலேயே அந்த இடத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

பந்தய மைதானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பழைய டயர்களைப் பாதி புதைத்துச் சுண்ணாம்பு அடித்த ஒரு வட்டம். உட்கார்ந்து பார்ப்பதற்குக் கவிழ்த்துப் போட்ட ஓட்டைப் படகு ஒன்று. மகாலட்சுமியில் இருக்கும் பெரிய ரேஸ்கோர்ஸை பரீத் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார். "புல்லு நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் அதைப் பாராட்டியது கிடையாது. தன் மைதானத்தில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தால் போதும், குனிந்து எடுக்கும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது.

மழைக்காலம் தொடங்கினால், தீபாவளிக்குப் பிறகு வரும் துளசி கல்யாணம் வரைக்கும் இந்து வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாணக் குதிரைகளுக்கு வேலை குறைந்து, கட்டிய இடத்திலேயே நின்று கால் மரத்துப்போகும். மழை விட்டதும் குதிரைக்காரர்கள் அவற்றை இங்கே ஓட்டிவந்து ஓடவிடுவார்கள். அப்படித்தான் பந்தயம் பிறந்தது. பரிசு ஒரு கட்டு கேரட்டும் ஒரு மாலையும். சட்டமும் ஒன்றே ஒன்றுதான்: மைதானத்தில் வாத்தியச் சத்தம் கூடாது. ஒரு வருஷம் யாரோ சும்மா தகரத்தைத் தட்டப்போய், ஓடிவந்த இரண்டு குதிரைகள் நின்று ஆட ஆரம்பித்துவிட்டன.

நூரி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பரீத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவரை வாட்டியது வேறு. மழைக்கு முந்தைய கல்யாணங்களிலிருந்தே நூரி ஊர்வலத்தில் ஆடுவதில்லை. வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதியும் மரம் மாதிரி நிற்கிறாள். கொட்டிலில் அவர் கூப்பிட்டால் முன்பெல்லாம் தலையைத் திருப்பி ஓடிவருவாள். இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு புல்லை மென்றபடி நிற்கிறாள். இத்தனை வருஷம் பிள்ளைபோல வளர்த்தவள் தன்னை வெறுத்துவிட்டாள் என்று பரீத்துக்கு மனசு விட்டுப்போனது.

"அது வாயில்லாத சீவன். அதுக்கு உங்க மேல என்ன கோவம் இருக்கப்போகுது?" என்றாள் மனைவி சபுரா.

"நீ பாக்கலையா? பேரைச் சொன்னா காதைக்கூட அசைக்க மாட்டேங்கிறா. புடிக்காத எடத்துல எதுக்கு வச்சுக்கிட்டு?"

அலிபாக் கடற்கரையில் சவாரி வண்டி ஓட்டுகிற ஒருவர் அவளை வாங்கிக்கொள்வதாகப் பேச்சாகிவிட்டது. திங்கட்கிழமை லாரி வரும். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று பரீத் மைதானத்துக்கு வந்தார்.

அன்றைக்கு அவருடைய சிநேகிதர் பெரியநாயகமும் வந்திருந்தார். தாராவியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிக்காரர். குதிரைகளின் பெயரைச் சொல்லி அறிவிக்க, கூலி வாங்காமல் குழாய் ஸ்பீக்கர் இரண்டைக் கட்டினார். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத் தன் போனை அதில் இணைத்தவர், அதை எடுக்க மறந்துபோனார். மகள் மகேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் அந்த போனில் என்ன அழைப்பு மணி வைத்திருந்தார் என்பதும் அவருக்கு அப்போது நினைவில்லை.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே நூரி கடைசி. பரீத் அவசரப்படுத்தவில்லை. அவள் முதுகின் சூடும் கழிமுகக் காற்றும் போதும் என்று உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது. காற்றுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் பெரியநாயகத்துக்குக் கல்யாணச் சமையல்காரரிடமிருந்து போன் வந்தது. இரண்டு குழாயிலும், அவர் மணியாக வைத்திருந்த பேண்டு வாத்தியம் அதிர்ந்தது. முன்னால் போன குதிரைகள் எல்லாம் சட்டென்று நின்று ஆடத் தொடங்கின. ஓட்டியவர்கள் அதட்டினார்கள், கெஞ்சினார்கள். ஒன்றும் நகரவில்லை. பரீத்தும் பழக்க தோஷத்தில், நூரி நிற்கப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நூரி நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த அத்தனை குதிரைகளையும் தாண்டி, தன்போக்கில் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தாள்.

படகின் மேல் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெரியநாயகம் போனை அணைத்துவிட்டு மூச்சிரைக்க வந்தார். "மன்னிச்சிருங்க பாய். என் கிறுக்குத்தனத்துல எல்லாத்தையும் கெடுத்துப்புட்டேன். ஆனா ஒங்க நூரி ஒருத்திதான் ஏமாறல பாத்தீளா?"

பரீத் சிரிக்கவில்லை. கீழே இறங்கி அவளுக்குப் பின்புறம் போய் நின்றார். "நூரி" என்றார். காது அசையவில்லை. இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினார். அப்போதும் அசையவில்லை.

"அண்ணாச்சி, இவளுக்குக் காது கேக்கல" என்றார். "வருஷக்கணக்கா காதுகிட்டயே ஊதுனா கெட்டுப் போகாதா? நான் கூப்பிட்டது எதுவுமே இவளுக்குக் கேக்கல. நான் என்னடான்னா திமிரு புடிச்சவள்னு திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

பெரியநாயகம் அவர் தோளில் கைவைத்தார். பரிசு மாலையைப் போட வந்தவர்கள்கூடச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

பரீத் அங்கேயே அலிபாக்குக்கு போன் போட்டார். "லாரி மத் பேஜோ பாய். குதிரை விக்கிறதுக்கு இல்ல" என்று, லாரி அனுப்ப வேண்டாமென இந்தியும் தமிழுமாகச் சொல்லி வைத்தார்.

பெரியநாயகம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மகேஸ்வரி கல்யாணத்துக்கு இவ வருவாளா?"

"வருவா. ஆட மாட்டா."

"ஆட எங்க ஆளுக இருக்காவ. இவ வந்தாப் போதும்."

பரீத் கேரட் கட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுபக்கம் வரை நடந்தார். அங்கே, நூரியின் கண்ணுக்கு நேர் எதிராக, ஒரு டயரின் பக்கத்தில் நின்றார். அவளைக் கூப்பிடவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

நூரி தலையை நிமிர்த்தி ஒரு கணம் பார்த்தாள். பிறகு, அன்றைக்குப் பந்தயத்தில் ஓடியதைவிட வேகமாக அவரிடம் ஓடிவந்தாள்.