'நில்' என்று ஒரு மெசேஜ்

போன வருஷம் ஆடி மாதம். சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என் மகனுக்கு. அடையாறில் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். கோட்டூர்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, "புள்ள கொழுகொழுன்னு ஆயிட்டானே, இன்னா குடுக்கிறே?" என்பாள். ஸ்டீராய்டும் உப்பில்லாத சாதமும் என்று எப்படிச் சொல்வது?

அந்த டாக்டரிடம் சாந்தோமிலிருந்து ஒரு டீச்சர் தன் மகளோடு வருவார். அதே நோய், அதே மாத்திரை. ஒரு நாள், "இவளுக்கு நில் வந்துடுச்சுங்க" என்றார். சிறுநீரில் புரதமே இல்லை என்பதற்கு லேபில் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை அது. என் பிள்ளைக்கோ புரதம் இன்னும் மூணு பிளஸ், அதாவது ரொம்ப அதிகம். வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் ஒல்லிக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

பிறகு ஆபீஸ் வேலையாக பெங்களூரில் இருந்தபோது லேபிலிருந்து மெசேஜ். எங்களுக்கும் நில். தலைகால் புரியவில்லை. உடனே கணவருக்குத் தமிழில் 'நில்' என்று தட்டிவிட்டு, டீச்சருக்குப் போன் அடித்தேன். அவருக்கும் கொஞ்சம் எரியட்டுமே. அவர் எடுக்கவில்லை. விடுவேனா, மறுநாளும் அடித்தேன். அதற்கடுத்த நாள்தான் எடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார். குரலில் எரிச்சலே இல்லை, எனக்குத்தான் சப்பென்று ஆனது. "நில் வந்துடுச்சேன்னு மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். இன்னிக்குக் குடுத்தாச்சா?"

அவருக்கு முன்னால் தாழ்ந்துவிடக் கூடாதே என்று, அவர் போனை வைத்ததும் கணவரை அழைத்துக் கேட்டேன்.

"நீதானே நில்லுன்னு போட்டிருந்தே? மாத்திரைய டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்னு நினைச்சு ரெண்டு நாளா குடுக்கல."

டீச்சர் மகளின் கதையை வீட்டில் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை என் கணவருக்குத் தெரிந்திருக்கும். டாக்டரை அழைத்தேன். திடீரென்று நிறுத்துவது ஆபத்து, உடனே கொடுத்துவிட்டு அழைத்து வரச் சொல்லுங்கள் என்றார். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டீச்சரின் மகளுக்கு மறுபடி வீக்கம் வந்து, என்னோடு பேசிய அன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகேதான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லாமல் என் பிள்ளையின் மாத்திரையைக் கேட்டிருக்கிறார். ஒல்லியான பிள்ளைகளைக் கண்டால் இன்றும் எனக்குப் பொறாமை வரத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட அதிகமாகப் பொறாமைப்படுவது அவருடைய அந்த மனசைப் பார்த்துத்தான்.