பஸ் வராத காணிகள்

கலியாணமான புதிதில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குக் கிழக்கே ஒரு வயல்வெளியில் நாங்கள் காணி வாங்கினோம். வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடியிருப்புக்கென்று விற்றார்கள். பலாலி ரோட்டிலிருந்து அகலமான தெரு வரும், பின்னாலேயே பஸ்ஸும் வரும் என்று காணி அளந்து பிரித்த ஓவசியர் படத்தை விரித்துக் காட்டினார். பட்டினத்தில் கிளாக்கராக இருந்த என் கணவருக்கு அந்தப் படமே போதுமாக இருந்தது.

வீடு கட்டினோம். வேறு சிலரும் கட்டினார்கள். தெரு மட்டும் வரவில்லை. மாரி மழையில் வண்டிப் பாதை தண்ணீருக்குள் போய்விடும்.

கணவர் பஸ் முதலாளியிடம் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

“உங்கை சனம் இருந்தாலெல்லோ பஸ் விடலாம், தம்பி. நாலு வீட்டுக்காகச் சேத்துக்குள்ளை இறக்கேலாது.”

“பஸ் வந்தாலெல்லோ ஐயா சனம் வரும்?”

“முதல் தெருவைப் போடச் சொல்லுங்கோ.”

தெருப் போடுகிற அரசாங்கக் கந்தோரிலோ, பஸ் ஓடுவது நிச்சயமானால் யோசிக்கலாம் என்றார்கள். அதற்குள் உலக யுத்தம் வந்தது. பெற்றோல் இல்லையென்று பலாலி ரோட்டில் ஓடிய பஸ்களையும் குறைத்தார்கள்.

ஒரு கார்த்திகை மாதம். நான் பிள்ளைத்தாய்ச்சி. நாள் வருமுன்னே வலி கண்டது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த விதவை அக்கா வந்து என் சேலையில் இரத்தத்தைப் பார்த்தார்.

“இது வீட்டிலை பாக்கிற காரியமில்லை. எழும்பு, ஆசுப்பத்திரிக்குப் போவம்.”

மாட்டுவண்டி பாதி வழியில் புதைந்தது. இறங்கி, முழங்கால் தண்ணீரில் அக்காவின் தோளைப் பிடித்தபடி நடந்தேன். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு பஸ் நிரம்பி வழிந்துகொண்டு நிற்காமலே போயிற்று. கல்லொன்றில் சரிந்து உட்கார்ந்தேன். அடுத்தது எப்போது என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. வயிற்றில் அசைவு குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. அக்காவிடம் சொல்லப் பயமாக இருந்தது.

அடுத்த பஸ் தூரத்தில் தெரிந்ததும் அக்கா ரோட்டு நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். முட்டுமாப்போல் வந்துதான் பஸ் நின்றது.

“சாகவோ நிக்கிறாய், மனிசி?” என்றான் சாரதி.

“என்னை ஏத்தவேண்டாம். இவளை ஏத்து.”

உள்ளே இருந்தவர்கள் நெருங்கி இடம் விட்டார்கள். யாரோ என் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். அக்காவும் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தார்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண்பிள்ளை. “கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாம்” என்றார் டாக்குத்தர். அக்கா சேறு பிடித்த தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கணவர் ஓவசியரிடம் போனார். காணி பிரித்தது மட்டும்தான் தன் வேலை, பஸ் விடுவது தன் வேலையில்லை என்றாராம். திரும்பி வந்த கணவர் அன்று சாப்பிடவில்லை. சண்டைக்குக்கூட ஆளில்லாமற் போய்விட்டதே என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையைச் சுமக்க என்னால் முடியாது என்றேன். பட்டினத்தில் ஆசுப்பத்திரிக்குக் கிட்ட ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அந்த வயல்வெளி வீட்டை வாங்க ஒருவரும் வரவில்லை.

போகிற அன்று அக்காவையும் கூப்பிட்டேன். “உங்கடை அறையிலை நான் எங்கை படுக்கிறது?” என்றார். வண்டியோடு கொஞ்சத் தூரம் நடந்து வந்து, தண்ணீர் தொடங்கிய இடத்தில் நின்றுவிட்டார்.