பழங்குடி என்ற சொல்லை நான் கையாண்ட விதம்

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பழங்குடிச் சான்று கேட்டு வரும் மனுக்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது எழுதுவேன். அதற்கு என்ன பொருள் என்று யோசித்ததில்லை.

ஒருநாள் காலை, மாமல்லபுரம் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சான்று கொடுத்தால்தான் சேர்க்கை. அந்தப் பெண் இஸ்திரி போட்ட மஞ்சள் சுடிதாரில், தோளில் கைப்பையோடு நின்றாள். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "பாத்தா ஆதிவாசி மாதிரியே இல்லையேம்மா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் குனிந்து தன் உடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

நேரில் விசாரிக்க வேண்டும் என்று மனுவில் குறித்தேன். அதற்குத் தேவையே இல்லை. அவளுடைய அப்பாவுக்கு முன்பே கொடுத்த சான்றின் நகல் மனுவோடு இருந்தது.

நான் விசாரிக்கப் போனது இரண்டு வாரம் கழித்துத்தான். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வரிசையாகச் சின்ன வீடுகள். அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தார். மகள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

"சார், பழங்குடி பழங்குடின்னு எழுதிக்கினு கீறீங்களே, அப்டின்னா இன்னா சார்?"

"ரொம்பப் பழைய காலத்துலேர்ந்து இந்த மண்ணுல இருக்கிறவங்கன்னு அர்த்தம்மா. ஆதிவாசின்னாலும் அதேதான். மொதல்ல குடியிருந்தவங்க."

அந்த அம்மா டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"நல்ல வார்த்தையாத்தான் கீது. நீங்க அன்னிக்கு சொன்னப்ப அப்டித் தெரியல சார். எம்பொண்ணு அந்த மஞ்ச துணிய அப்புறம் போடவே இல்ல. பக்கத்து வூட்டுப் பொண்ணுக்குக் குட்துட்டா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உள்ளே இருந்த பெண்ணுக்கும் கேட்டிருக்கும். நானோ, "ரூல்படி விசாரிக்கணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாளே பரிந்துரை எழுதி அனுப்பினேன். சான்று கைக்கு வருவதற்குள் கல்லூரியில் சேர்க்கை முடிந்திருந்தது. வாங்க வந்த அம்மா, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவள் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாக, அந்தப் பக்கத்திலிருந்து மனுவோடு வந்த ஒருவர் சொன்னார். பிறகு இரண்டு தடவை பைக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தோப்புவரை போயிருக்கிறேன். அவள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியாமல், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன்.